ஆற்றுக்கும் ஓர் இடம் வேண்டும்!
(ரைன் நதியிடம் நான் படித்த பாடம்)



ஆண்டு மலருக்கு என்ன எழுதலாம் என்று மலர்க்குழு நண்பனிடம் கேட்டேன். "கவிதை மட்டும் வேணாம்டா. ஏற்கெனவே நாற்பது கிடக்கு. பாடமா ஏதாவது எழுது" என்றான். ஆகவே பாடம்! ஆனால் பயப்பட வேண்டாம். செமஸ்டரில் இது வராது. வாழ்க்கையில் வரும்.

ஐந்தாம் செமஸ்டரில் எனக்குக் கிடைத்த செமினார் தலைப்பு: 'ஆற்றுக் கப்பல் போக்குவரத்தும் வெள்ளத் தடுப்பும்'. நான் கொள்ளிடக் கரைக்காரன். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில், நான் ஏழாம் வகுப்புப் படிக்கும்போது, எங்கள் வாழைத் தோட்டம் மூன்று நாள் தண்ணீருக்குள் நின்றதைப் பார்த்தவன். எனவே என்னிடம் விடை தயாராக இருந்தது. கரும்பலகையில் கம்பீரமாக எழுதினேன்:

1. ஆற்றை நேராக்கு.
2. ஆழமாக்கு.
3. கரையை உயர்த்து.

கப்பலும் போகும், வெள்ளமும் வடியும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்! வகுப்பே கைதட்டியது. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த எங்கள் ஹைட்ராலிக்ஸ் சார் மட்டும் கைதட்டவில்லை. மெதுவாகக் கேட்டார்: "சரி தம்பி, உன் ஊர் தப்பிச்சுது. அடுத்த ஊர்?"

பதில் தெரியாமல் நின்றேன். "ரைன் நதியைப் பத்திப் படிச்சுட்டு வா. நீ சொன்ன மூணையும் செஞ்சு பார்த்த நதி அது" என்றார். அப்படிப் படித்ததைத்தான் இங்கே சுருக்கித் தருகிறேன்.

மூன்று பேரின் வழக்கு

ஆறு என்பது ஒன்று. அதனிடம் உரிமை கேட்டு வருபவர்களோ மூன்று பேர்.

முதலாமவர் கப்பல்காரர். அவருடைய கவலை கோடைக்காலம். தண்ணீர் குறையும்போதும் கப்பல் தரை தட்டாத ஆழம் வேண்டும். அதற்கு ஆறு ஒடுக்கமாக, ஒரே வாய்க்காலாக ஓட வேண்டும்.

இரண்டாமவர் கரையோரத்துக் குடும்பக்காரர். அவருடைய கவலை வெள்ளக்காலம். தண்ணீர் பரவ அகலம் வேண்டும். ஒடுக்கினால் மட்டம் ஏறும்.

மூன்றாமவருக்கு வாய் கிடையாது. மீன், பறவை, கரையோர மரம். இவர்களுக்கு வேண்டியது மாற்றம். ஓரிடத்தில் ஆழம், ஓரிடத்தில் திட்டு. ஒரு மாதம் வெள்ளம், ஒரு மாதம் வறட்சி. எப்போதும் ஒரே மட்டம், ஒரே வேகம் என்றால் இவர்கள் பிழைப்பு போச்சு!

ஒருவர் கேட்பது மற்றவருக்கு எதிராக இருக்கிறது. இதுதான் சிக்கல். இனி ரைனுக்குப் போவோம்.

ரைன், சுவிட்சர்லாந்து நாட்டு ஆல்ப்ஸ் மலையில் பிறந்து, ஜெர்மனி, பிரான்ஸ் எல்லைகளைத் தொட்டு, நெதர்லாந்தில் வடகடலில் கலக்கும் நதி. நீளம் ஏறத்தாழ 1,230 கி.மீ. பல ஆண்டுகளாகப் புத்தகங்களில் 1,320 என்றே அச்சாகி வந்தது. யாரோ இரண்டு இலக்கங்களை மாற்றிப் போட்டுவிட்டார்கள் போலும். 2010-ல்தான் அது வெளிச்சத்துக்கு வந்தது. (சர்வே ஃபீல்டு புக்கில் எண் மாற்றி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட நண்பர்கள் ஆறுதல் அடையலாம்!) ஐரோப்பாவின் மிகச் சுறுசுறுப்பான உள்நாட்டு நீர்வழி இதுதான். இதன் கப்பல் போக்குவரத்தைக் கவனிக்கும் மத்திய ஆணையத்துக்கு வித்திட்டது 1815 வியன்னா மாநாடு.

நேராக்கினார் டுல்லா

முன்னொரு காலத்தில் பாசல் நகருக்குக் கீழே ரைன் ஒரே ஆறாக ஓடவில்லை. இரண்டு மூன்று கி.மீ. அகலத்தில் பல கிளைகளாகப் பிரிந்தும், அதற்குக் கீழே பாம்பு போல் வளைந்தும் ஓடியது. வெள்ளம் வந்தால் கிராமங்கள் இடம் பெயரும். தேங்கிய நீரால் மலேரியா வேறு.

பாடன் நாட்டுப் பொறியாளர் யோஹான் காட்ஃப்ரீட் டுல்லா, 1817-ல் நேராக்கும் வேலையைத் தொடங்கினார். வளைவுகளின் கழுத்தில் வாய்க்கால் வெட்டி, ஆற்றை 200 முதல் 250 மீட்டர் அகலமுள்ள ஒரே தடத்தில் விட்டார்கள். டுல்லா 1828-ல் காலமானார். வேலை முடிந்தது 1876-ல்! பாசலிலிருந்து பிங்கன் வரை 354 கி.மீ. இருந்த ஆறு 273 கி.மீ. ஆனது. 81 கி.மீ. காணாமல் போயிற்று.

நன்மை இல்லாமல் இல்லை. நிலம் கிடைத்தது. கிராமங்கள் பிழைத்தன. மலேரியா குறைந்தது. டுல்லாவைக் குறை சொல்ல நமக்குத் தகுதி இல்லை. ஆனால் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

மேலிருந்து கீழே ஆறு இறங்கும் உயரம் மாறவில்லை. நீளம் மட்டும் குறைந்தது. 354-ஐ 273-ஆல் வகுத்தால் 1.30. அதாவது சரிவு 30 சதவீதம் கூடிவிட்டது. மேனிங் சூத்திரத்தில் வேகம், சரிவின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆழமும் தரையின் சொரசொரப்பும் மாறாது என்று வைத்துக்கொண்டால், வேகம் ஏறத்தாழ 14 சதவீதம் கூடும். தரையை இழுக்கும் விசையோ சரிவுக்கு நேர் விகிதம். அது முழுதாக 30 சதவீதம் கூடும்!

விளைவு? ஆறு தன் தரையைத் தானே தோண்ட ஆரம்பித்தது. இதை எங்கள் லேபில் செய்து பார்த்தேன். தகர ட்ரேயில் மணல் பரப்பி, வளைந்த வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விட்டேன். சாதுவாக ஓடியது. வளைவின் கழுத்தை ஸ்பூனால் அறுத்துவிட்டேன். அவ்வளவுதான். அறுத்த இடத்திலிருந்து மேல்புறமாகத் தரை அரித்துக்கொண்டே போச்சு. அரித்த மணல் கீழே திட்டாகக் குவிஞ்சுது. "பார்த்தியா, ஆறு பழைய சரிவைத் தேடிப் போகுது" என்றார் சார்.

ரைனிலும் இதேதான். தரை இறங்கியது. கூடவே நிலத்தடி நீர் இறங்கியது. கரையோரக் காடுகள் காய்ந்தன. இஸ்டைன் என்ற இடத்தில் தண்ணீருக்குள் மறைந்திருந்த பாறை வெளியே தலைநீட்டி, கப்பலுக்கே தடையாகிவிட்டது. வெள்ளத்துக்குப் பார்த்த வைத்தியம் கப்பலுக்கு வியாதி ஆனது!

தடுத்தார்கள் கதவணை

அடுத்த கட்டம் குரோயின்கள். கரையிலிருந்து ஆற்றுக்குள் நீட்டிக் கட்டும் கற்சுவர். நம் கடலோர மீனவர்கள் 'தூண்டில் வளைவு' என்பார்களே, அதன் ஆற்று அண்ணன். கோடையில் தண்ணீரை நடுவில் ஒதுக்கி ஆழம் தரும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவற்றை வரிசையாகக் கட்டி மேல் ரைனில் கப்பல் விட்டார்கள்.

அதன்பின் கதவணைகள் வந்தன. 1932-ல் கெம்ப்ஸ் முதல் 1977-ல் இஃபெட்ஸ்ஹைம் வரை மொத்தம் பத்து. ஒவ்வொன்றிலும் மின் நிலையம், கப்பல் ஏறி இறங்க லாக். போக்குவரத்துக்குப் பொற்காலம்!

ஆனால் இரண்டு விலை கொடுக்க நேர்ந்தது.

முதல் விலை, கல். கதவணை தண்ணீரைக் கீழே விடும், சரளையை விடாது. கடைசிக் கதவணைக்குக் கீழே வரும் தண்ணீர் வெறும் வயிற்றோடு வருகிறது. பசிக்குத் தரையைத் தின்கிறது. அதற்காக 1978 முதல் இஃபெட்ஸ்ஹைமுக்குக் கீழே பார்ஜுகளில் சரளையும் மணலும் கொண்டுவந்து ஆற்றில் கொட்டுகிறார்கள். சராசரியாக ஆண்டுக்கு 1,80,000 கன மீட்டர் அளவில்! நாம் லாரி லாரியாக ஆற்றிலிருந்து மணல் எடுத்துப் பழகியவர்கள். அங்கே ஆற்றுக்கு மணல் 'ஊட்டு'கிறார்கள். இதைப் படித்தபோது சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இரண்டாவது விலை, நேரம். கதவணைகளோடு சேர்த்துக் கட்டிய கரைகளால் பாசலுக்கும் இஃபெட்ஸ்ஹைமுக்கும் இடையே 130 ச.கி.மீ. வெள்ளப் படுகை ஆற்றிலிருந்து துண்டிக்கப்பட்டது. (எங்கள் பக்கம் கரைக்கும் ஆற்றுக்கும் நடுவே உள்ள நிலத்தைப் 'படுகை' என்போம். எங்கள் வாழைத் தோட்டமும் படுகைதான்.) பரவ இடமில்லாத வெள்ளம் ஓட்டம் பிடித்தது. 1955-ல் பாசலிலிருந்து கார்ல்ஸ்ரூவே வர 64 மணி நேரம் எடுத்த வெள்ள அலை, 1977-க்குப் பின் 23 மணி நேரத்தில் வந்தது. முன்பெல்லாம் நெக்கர் போன்ற துணையாறுகளின் வெள்ளம் வடிந்த பிறகுதான் ரைன் வெள்ளம் வந்து சேரும். இப்போது இரண்டு உச்சமும் ஒன்றாகச் சேரும் ஆபத்து!

சார் கேட்ட கேள்விக்கு விடை இதுதான். "அடுத்த ஊர்?" அடுத்த ஊருக்கு வெள்ளம் சீக்கிரமாகவும் உயரமாகவும் போய்ச் சேர்ந்தது.

திருப்பிக் கொடுக்கிறார்கள் இடம்

தவறை உணர்ந்தபின் என்ன செய்தார்கள்? இதுதான் பாடத்தின் முக்கியப் பகுதி.

ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 1996-ல் 'ஒருங்கிணைந்த ரைன் திட்டம்' என்பதை ஏற்றது. 13 இடங்களில் 16.73 கோடி கன மீட்டர் வெள்ளத்தைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் பரப்புகள். பெருவெள்ளத்தின் உச்சியை மட்டும் சீவி அங்கே அனுப்புவது. ஆறு தணிந்ததும் திரும்ப விடுவது.

இதில் ஒரு நுட்பம் உண்டு. பல ஆண்டு தண்ணீரே காணாத காட்டில் திடீரென்று ஆளுயரத் தண்ணீர் விட்டால் மரமும் மானும் சாகும். எனவே சிறு வெள்ளம் வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுப் பழக்குகிறார்கள். வெள்ளம் தாங்காத மரங்கள் விலகி, தாங்கும் மரங்கள் வளரும். ஆல்டன்ஹைம் என்ற இடத்தில் 1989 முதல் இதைச் செய்து வருகிறார்கள். வெள்ளத் தடுப்பும் சுற்றுச்சூழலும் ஒரே மதகில்!

அடுத்தது நெதர்லாந்து. 1995 ஜனவரி வெள்ளத்தில் கரை உடையுமோ என்ற அச்சத்தில் இரண்டரை லட்சம் பேரை வெளியேற்றினார்கள். கரை உடையவில்லை. ஆனால் 'இன்னும் எவ்வளவு உயர்த்துவது?' என்ற கேள்வி எழுந்தது. உயர்ந்த கரை உடைந்தால் சேதமும் உயரம்தானே! அதனால் 'ஆற்றுக்கு இடம்' என்ற திட்டம் பிறந்தது. 30-க்கும் மேற்பட்ட இடங்களில் வேலை. செலவு ஏறத்தாழ 230 கோடி யூரோ. ஜெர்மனியிலிருந்து ரைன் உள்ளே வரும் லோபித் என்ற இடத்தில் விநாடிக்கு 16,000 கன மீட்டர் வந்தாலும் பாதுகாப்பாகக் கடத்துவதே குறிக்கோள்.

நைமேகன் நகரில் வால் என்ற ரைன் கிளை வளைந்து, கழுத்துப் போல் ஒடுங்கும். எதிர்க்கரையில் லென்ட் கிராமத்துக் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளிக் கட்டி, இடையில் புதிய வாய்க்கால் தோண்டினார்கள். வெள்ள மட்டம் ஏறத்தாழ 35 செ.மீ. தாழ்ந்தது. ஆனால் அதற்காக ஐம்பது வீடுகள் இடம் பெயர நேர்ந்தது. இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

மூவருக்கும் ஒரு சுவர்

எனக்கு மிகவும் பிடித்த வேலை, அதே வால் கிளையில் டீல் நகரருகே 2013 முதல் 2015 வரை நடந்தது. அங்கே குரோயின்களை எடுத்துவிட்டு, ஆற்றுக்கு இணையாகவே தாழ்வான கற்சுவரை மொத்தம் 10 கி.மீ. நீளத்துக்குக் கட்டினார்கள். ஆறு இரண்டாகப் பிரிந்தது: சுவருக்கு அந்தப் பக்கம் கப்பல் வழி, இந்தப் பக்கம் கரையோர வாய்க்கால்.

கோடையில்: சுவர் தண்ணீரைக் கப்பல் வழியில் ஒதுக்கும். ஆழம் நிற்கும்.
வெள்ளத்தில்: தண்ணீர் சுவர் மேல் ஏறி முழு அகலத்திலும் ஓடும். குறுக்கே குரோயின் தடை இல்லாததால் மட்டம் தாழும்.
எப்போதும்: கப்பல் கிளப்பும் அலை கரையோர வாய்க்காலுக்குள் வராது. மீன் குஞ்சுகள் அங்கே நிம்மதியாக வளர்கின்றன.

மூன்று பேரின் வழக்கும் ஒரே சுவரில் தீர்ந்தது பார்த்தீர்களா! குறுக்கே நிற்காமல் கூடவே ஓடும் சுவர்.

எல்லாம் தீர்ந்துவிட்டதா?

இல்லை. 2018 அக்டோபரில் ஜெர்மனியின் கவுப் என்ற இடத்தில் அளவுகோல் 25 செ.மீ. காட்டியது. (அளவுகோலின் பூஜ்யம் ஆற்றின் தரை அல்ல! அங்கே அளவுகோல் 78 செ.மீ. காட்டினால் கப்பல் வழியில் 190 செ.மீ. ஆழம் என்று கணக்கு. அதாவது 112-ஐக் கூட்ட வேண்டும். 25-க்கு 137 செ.மீ.தான்.) பெரிய கப்பல்கள் பாரத்தைக் குறைத்தோ, ஓடாமலோ நின்றன. ரைன் கரையில் உள்ள பி.ஏ.எஸ்.எஃப். ரசாயன ஆலைக்கு அந்த ஆண்டு 25 கோடி யூரோ அளவில் நஷ்டம்.

அந்த ஆலை என்ன செய்தது தெரியுமா? ஆற்றோடு மட்டும் மல்லுக்கு நிற்காமல் கப்பலை மாற்றியது. 2023-ல் வந்த அதன் புதிய சரக்குக் கப்பல், 135 மீட்டர் நீளம், 17.5 மீட்டர் அகலம். அகலமாகவும் இலேசாகவும் இருப்பதால், கவுப் அளவுகோல் 30 செ.மீ. காட்டும்போதும் 800 டன் ஏற்றும். ஆர்க்கிமிடீஸ் தத்துவம்தான்! அடிப்பரப்பு கூடினால் அமிழும் ஆழம் குறையும். ஆற்றைக் கப்பலுக்கு ஏற்ப வெட்டுவதற்கு முன், கப்பலை ஆற்றுக்கு ஏற்பச் செய்ய முடியுமா என்று ஒருமுறை யோசிக்கலாமே?

நமக்கு என்ன?

"ரைன் எங்கே, நாம எங்கே?" என்று கேட்கலாம். 2016-ல் நிறைவேறிய தேசிய நீர்வழிச் சட்டம் 111 நீர்வழிகளை அறிவித்திருக்கிறது. அதில் நம் காவிரி-கொள்ளிடமும் தாமிரபரணியும் உண்டு. நாளை யாராவது கையில் வரைபடத்தோடு வரலாம். லெவல் எடுக்கப் போகிறவர்கள் டிப்ளமா முடித்த நாம்தான்!

ரைனை அப்படியே காப்பியடிக்க முடியாது. அதற்குக் கோடையில் ஆல்ப்ஸ் பனி உருகித் தண்ணீர் வரும். கொள்ளிடம் பல மாதம் வெறும் மணல். எல்லா ஆற்றிலும் கப்பல் விட்டாக வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எந்த ஆற்றில் கை வைத்தாலும் நினைவில் வைக்க ஐந்து பாடம் உண்டு:

1. ஆற்றை நேராக்கினால் சரிவு கூடும். சரிவு கூடினால் தரை அரிக்கும்.
2. தண்ணீரோடு மணலும் ஓட வேண்டும். மணலைத் தடுத்தால் ஆறு தன் தரையைத் தின்னும்.
3. படுகை வீண் நிலம் அல்ல. அது வெள்ளத்தின் சொந்த வீடு.
4. ஒரே கட்டுமானம் கோடையில் என்ன செய்யும், வெள்ளத்தில் என்ன செய்யும் என்று இரண்டு மட்டத்திலும் கணக்குப் போட வேண்டும்.
5. எந்தத் திட்டத்தையும் அடுத்த ஊர் வரை வரைந்து பார்க்க வேண்டும்.

செமினாரை இரண்டாம் முறை நடத்தினேன். இந்த முறை கைதட்டல் குறைவு. சார் மட்டும் தலையாட்டினார். அது போதும்.

விடுமுறையில் ஊருக்குப் போனபோது அப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். 2018-லிருந்து "கரையை இன்னும் ஒசத்திக் கட்டணும்டா" என்று சொல்லிக்கொண்டிருப்பவர் அவர். தோட்டத்து வரப்பில் உட்கார்ந்து முழுசாகக் கேட்டார். பிறகு சொன்னார்:

"நீ சொல்றது நியாயம்தான். ஆத்துக்கு எடம் விடணும். ஆனா அந்த எடம் யாரோட எடம்? இதோ, இந்த வாழைதானே? உன்னை இத்தனை வருஷம் படிக்க வெச்சது இதுதான்."

லென்ட் கிராமத்து ஐம்பது வீடுகள் எனக்கு நினைவுக்கு வந்தன. மேனிங் சூத்திரத்தில் இதற்கு விடை இல்லை. "அப்படி ஒண்ணு வந்தா, முதல்ல உங்களை உட்கார வெச்சுப் பேசிட்டுத்தான்ப்பா கோடு போடணும். நஷ்டத்தையும் கணக்குல எழுதணும்" என்றேன். "அதை நீ எஞ்சினியர் ஆனப்புறமும் மறக்காம இரு" என்றார்.

நண்பர்களே! நாளை நாம் வரையும் ஒவ்வொரு கோட்டுக்கும் மறுபக்கம் ஒரு ஊர் இருக்கும், ஒரு தோட்டம் இருக்கும், வாய் இல்லாத ஒரு மீன் இருக்கும். பென்சிலைக் கூர் சீவும் முன் அவர்களை நினைப்போம். 'அடுத்த ஊர்?' என்று நம்மை நாமே கேட்போம்!



(மூன்றாமாண்டு, சிவில் பிரிவு)